சங்கரி இடம் போட்டு வைப்பாள்

1

இந்தக் கதை நான் வெட்டிய மூன்று சொற்களிலிருந்து பிறந்தது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கடைசியில் சொன்னால் உத்தி என்று நினைப்பீர்கள்.

நான் கதை எழுதுகிறவன். அது சோறு போடாது என்பதால் படிவங்கள் மொழிபெயர்க்கிறேன். வங்கி விண்ணப்பம், கிரைண்டரை இயக்கும் முறை, காப்பீட்டு நிபந்தனைகள், எது வந்தாலும் சரி. சென்ற ஆண்டு ஒரு கணக்கெடுப்புக் கம்பெனி என்னைத் தேடி வந்தது. காஞ்சிபுரத்தையும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கங்களையும் புதுப் பாதை போட்டு லோக்கல் ரயிலால் இணைத்தால் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும். (இதெல்லாம் கதைக்குள் நடந்தது. வெளியே தேடாதீர்கள்.) அறுபது கேள்விகளைத் தமிழாக்கிக் கொடுத்தேன். அதில் ஒன்று:

‘ரயில் வசதி வந்தால், நீங்கள் எந்த நேர ரயிலில் போவீர்கள்?’

டேப்லெட் திரையில் ஒரு வரிக்கு மேல் போகக்கூடாது, சுருக்குங்கள் என்றார்கள். முன்பக்கத்தை வெட்டினேன். மிஞ்சியது:

‘நீங்கள் எந்த நேர ரயிலில் போவீர்கள்?’*

அன்றைக்கு எனக்கு இது சரியாகத்தான் பட்டது.

(* ‘போவேன்’ என்ற சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். ‘நாளைக்குப் போவேன்’ என்றாலும் அதுதான். ‘அப்போதெல்லாம் தினமும் போவேன்’ என்றாலும் அதுதான். வரப்போவதும் முடிந்துபோனதும் ஒரே சொல்லில் உட்கார்ந்திருக்கின்றன. நம்மோடு பேசுகிறவர் எந்தப் பக்கத்தில் நிற்கிறார் என்பதை மற்றச் சொற்கள்தான் காட்டிக்கொடுக்கும். நான் அந்த மற்றச் சொற்களை வெட்டியிருந்தேன்.)

2

எப்படித் தொடங்குவது என்று பல நாள் தடுமாறினேன். தூக்கிப்போட்ட தொடக்கங்கள் இரண்டு:

‘மழை விட்ட மறுநாள் இளவரசி அந்தத் தெருவுக்குள் நுழைந்ததும் தறிச் சத்தம் சட்டென்று நின்று—’

நிற்கவில்லை. உங்களைப் பயமுறுத்துவதற்காக நான்தான் நிறுத்தப் பார்த்தேன்.

‘இறந்தவர்கள் பயணச்சீட்டு வாங்குவதில்லை என்று யார்—’

வேண்டாம். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

இளவரசிக்கு வயது இருபத்தொன்பது. பி.காம். ஓரிக்கையில் வீடு. கணவன் ஓசூரில் வேலை. மாதம் ஒருமுறை வருவான். நான்கு வயது மகள் பள்ளிவிட்டு வருவதற்குள் வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்பதற்காகவே இந்தக் கணக்கெடுப்பு வேலையில் சேர்ந்திருந்தாள். மற்றத் தெருக்களில் என் கேள்வியைப் படித்ததும் சிரித்தார்கள். “ரயிலா? அந்தப் பக்கம் எங்கம்மா இருக்குது ரயிலு?” என்பார்கள். “வந்தா எப்படிப் போவீங்கன்னு கேக்கறாங்க” என்று அவளே விளக்குவாள்.

பிள்ளையார்பாளையத்தில் அந்த ஒரு தெருவில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

முதல் வீட்டில் ஜெயம்மாள் இருந்தாள். நாற்பது வயது, ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஒயர் கோக்கும் வேலை. அன்று அவளுக்கு லீவு.

“எந்த நேர ரயில்ல போவீங்கக்கா?”

“ஏழே கால் வண்டி.”

அடுத்த கட்டத்தில் காரணம் எழுத வேண்டும். “ஏன்க்கா அந்த வண்டி?”

“அதுலதான் உக்கார எடம் கெடைக்கும். சங்கரி எடம் போட்டு வெப்பா.”

இளவரசி அப்படியே தட்டச்சினாள். அடுத்த வீட்டிலும் ஏழே கால். அங்கும் சங்கரி. மூன்றாவது வீட்டில் ஒரு பெரியவர், நான்காவதில் கல்லூரிக்குப் போகும் ஒருவன். முப்பத்தெட்டு வீடுகளில் இருபத்தேழு வீடுகள் அதையே சொல்லின. யாரும் யோசிக்கவில்லை, ரேஷன் கடை எங்கே என்று கேட்டால் கை நீட்டுவதுபோலச் சொன்னார்கள்.

இளவரசிக்கு அந்தப் பெண்ணைப் பார்க்க ஆசையாகிவிட்டது. “யாருக்கா இந்தச் சங்கரி? தெருவுக்கே எடம் போடுது?” என்று ஒரு வாசலில் கேட்டாள்.

“கடைசி வீடும்மா. போங்க, பாப்பீங்க” என்றார்கள்.

3

கடைசி வீட்டில் கலாவதி தறியில் இருந்தாள். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை. கையை நிறுத்தாமலே பதில் சொன்னாள்.

“வீட்டுல எத்தினி பேரும்மா?”

“மூணு பேரு. நானு, அவரு, சங்கரி.”

சங்கரி. வயது இருபத்துமூன்று. வேலை, தொழிற்சாலை. இளவரசி எல்லாவற்றையும் நிரப்பினாள்.

“எந்த நேர ரயில்ல போவாங்க?”

“ஏழே காலுக்குப் போவா. சாயங்காலம் ஆறே முக்காலுக்கெல்லாம் வந்துடுவா.” பிறகு, கேட்காமலே சொன்னாள்: “நாலாவது பொட்டி. எடது பக்கம் ஜன்னலு.”

அப்போதுதான் இளவரசியின் விரல் திரையில் நின்றது. இத்தனை வீட்டிலும் எழுதிவந்த ரயில் எங்கே ஓடுகிறது என்று அவள் அதுவரை யோசிக்கவேயில்லை.

“எங்கேம்மா ஏறுவாங்க?”

கலாவதி முகவாயால் பின்கட்டைக் காட்டினாள். “இங்கதான். பின்னால.”

பின்கதவு திறந்திருந்தது. வெளியே சீமைக் கருவேல முள்ளும், யாரோ கொட்டிய கட்டட இடிசலும், அதற்கப்பால் வெயிலும் இருந்தன.

தெருமுனை வரை கலாவதியின் கணவர் குப்புசாமி பின்னாலேயே வந்தார். சட்டை போடாத மேலில் துண்டு.

“அம்மாடி. அந்த மூணாவது பேரு எழுதினியே… அது போயி ரெண்டு வருஷமாவுதும்மா. கம்பெனி வேன்ல. பனி நேரம். ரோட்டு ஓரமா ஒரு லாரி நின்னுக்கினு இருந்துது.”

இளவரசி டேப்லெட்டைத் திறந்து அந்த வரியை எடுக்கப் போனாள். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

“எழுதிட்ட இல்ல. இருக்கட்டும்மா.”

அவள் அப்படியே சேமித்துவிட்டு பஸ் ஏறினாள்.

4

விக்ரம் என்பவர் சென்னையில் உட்கார்ந்து இந்தக் கணக்கெடுப்பை நடத்துகிறவர். வயது முப்பதுக்குள், கெட்டவர் இல்லை. மறுவாரம் என்னைத்தான் கூப்பிட்டார்.

“சார், இருபத்தேழு ஃபார்ம்ல ஒரே லைன். ‘சங்கரி இடம் போட்டு வைப்பா.’ யாராவது நம்புவாங்களா? மரத்தடியில உக்காந்து காப்பி பேஸ்ட் பண்ணிருக்காங்க அந்த மேடம்.”

பொய்ப் படிவம் என்று உறுதியானால் இளவரசிக்கு வேலை போகும். அது மட்டுமில்லை, அவள் பெயர் மற்றக் கம்பெனிகளுக்கும் போய்விடும். முப்பத்தெட்டு வீடுகளையும் கணக்கிலிருந்து தூக்கிவிடுவார்கள். அந்தப் பக்கம் ஒரு நிலையம் வேண்டுமா என்ற கேள்விக்கே இடமில்லாமல் போகும். ஜெயம்மாள் போன்றவர்கள் விடியுமுன் வேன் ஏறிக்கொண்டே இருப்பார்கள்.

“நீங்க லோக்கல். ஒருதடவ நேர்ல போய் செக் பண்ணிடுங்க சார். அந்தக் கேள்விய இந்தத் தடவ முழுசா கேளுங்க.”

வெட்டிய மூன்று சொற்களையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். இளவரசியும் வந்தாள். தெருமுனையில் நின்று, “சார், நான் எல்லா வீட்டுக்கும் போனேன். அத மட்டும் நம்புங்க” என்றாள்.

5

ஜெயம்மாளிடம் முழுக் கேள்வியையும் படித்தேன். ‘வந்தால்’ என்ற இடத்தில் அவள் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள்.

“வேன் தெருமொனைக்கு அஞ்சே முக்காலுக்கு வரும் சார். அவதான் மொதல்ல ஏறுவா. துப்பட்டா, கர்சீப்பு, டிபன் பையின்னு பரப்பி எங்க அஞ்சு பேருக்கும் எடம் போட்டு வெப்பா. ஜன்னல் மட்டும் அவளுக்கு.” சொம்பை மறுபடி எடுத்துக்கொண்டு சொன்னாள்: “வேன் ஜன்னல் பக்கமாத்தான் சார் லாரில இடிச்சுச்சு. எங்களுக்கு ஒரு கீறல் இல்ல.”

“அன்னைக்கு இவங்ககிட்ட ரயில்னு சொன்னீங்களே?”

“சொன்னேனா?” இளவரசியைப் பார்த்தாள். “ஆமா, சொன்னேன். இந்தப் பொண்ணு கேட்டுச்சு, வாயில வந்துச்சு. எங்கேந்து வந்துச்சுன்னு தெரியல சார். ஆனா பொய்யி இல்ல.”

எனக்கு நிம்மதியாக இருந்தது. இது துக்கம். ஒரு தெரு முழுக்க ஒரே துக்கம், ஒரே வாக்கியமாக உறைந்திருக்கிறது. அறிக்கையை மனதுக்குள் பாதி எழுதிவிட்டேன். கதையையும்தான். அழகான, கண்ணீர் வரவைக்கும், யாரையும் தொந்தரவு செய்யாத கதை.

பிறகு மாணிக்கவேலின் அறைக்குப் போனோம்.

[இந்த ஆளை எனக்குப் பிடிக்கவில்லை. நான்கு திருத்தங்களில் இவனை எடுத்துப் பார்த்தேன். இவன் இல்லாவிட்டால் கதை பத்திரமாக இருக்கிறது. ஆனால் அவன் மாடியில் இருந்தான். படி ஏறிப் போய்ப் பார்த்தோம்.]

போளூர்ப் பக்கத்துக்காரன். இந்தத் தெருவுக்கு வந்து மூன்று மாதம். ஒரு கிடங்கில் சுமை ஏற்றும் வேலை. காலையில் போனால் இருட்டித்தான் வருவான்; இளவரசிக்கும் எங்களுக்கும் வார லீவு நாளில்தான் அகப்பட்டான். கீழ்வீட்டுக்காரர் பெயர்கூட அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை. அவனுடைய படிவத்திலும் அதே வரி.

“சங்கரின்னா யாருப்பா?”

“தெரியாதுங்க.”

“பின்ன எப்படிச் சொன்ன?”

அவன் குழம்பினான். கன்னத்தைச் சொறிந்துகொண்டான். “நாலாவது பொட்டிங்க. கூட்டமா இருக்கும். ஏறினதும் ஒரு பொண்ணு கையத் தூக்கிக் காட்டும். இங்க வாங்கன்னு.”

“பாத்திருக்கியா?”

“மொகம் பாத்ததில்லீங்க. கைதான். பச்சக் கண்ணாடி வளையலு. ஒண்ணு ரெண்டு ஒடஞ்சிருக்கும்.”

“கனவா?” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“எனக்குக் கனவெல்லாம் வராதுங்க. அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவேன்.”

இளவரசி இரண்டு படி கீழே இறங்கி நின்றுகொண்டாள். நாங்கள் படியிறங்கும்போது அவன் மேலிருந்து எட்டிப் பார்த்து, “சார், அந்த ரயிலு எங்கேந்துங்க கெளம்புது?” என்று கேட்டான். எதையோ மறந்துவிட்டவன் கேட்பதுபோலத்தான் கேட்டான்.

6

இந்தப் பகுதியை எழுதாமல் விட்டுவிட முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை.

கலாவதி எங்களைத் தறியருகே பாயில் உட்காரச் சொன்னாள். தாளைப் பார்த்துப் படித்தேன்: “ரயில் வசதி வந்தால், உங்கள் மகள் எந்த நேர ரயிலில் போவார்?”

இந்தமுறை தறி உண்மையாகவே நின்றது.

“வந்தால்னா?”

நான் மறுபடி தாளைப் பார்த்தேன்.

“அப்ப இன்னும் வரலியா?”

“வரும்மா. அதுக்குத்தான் கேக்கறோம்.”

அவள் என்னை விட்டுவிட்டு இளவரசியைப் பார்த்தாள். பிறகு கதவோரம் நின்ற கணவரைப் பார்த்தாள். ஒரு கணக்கு எங்கோ தவறிப்போன முகம்.

“வரலன்னா, அவ இப்ப எதுல போறா?”

அவள் மறுபடியும், இன்னும் மெதுவாகக் கேட்டாள்: “ஏங்க, எதுல போறா அவ?”

குப்புசாமி என்னை நோக்கி வேண்டாம் என்பதுபோலத் தலையை ஆட்டினார். இளவரசிதான் எழுந்து போய்க் கலாவதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “சார் தப்பாப் படிச்சுட்டாரும்மா. எந்த நேர ரயில்ல போவாங்க உங்க பொண்ணு?”

“ஏழே கால்” என்றாள் கலாவதி. மூச்சு திரும்பியது. “நாலாவது பொட்டி.” என் பக்கம் திரும்பி, கோபமில்லாமல் சொன்னாள்: “இந்தப் பொண்ணு நல்லாக் கேக்குது. நீங்க ஏன்ப்பா அப்படிக் கேக்கறீங்க?”

7

விக்ரமிடம் உள்ளதைச் சொன்னேன். மாணிக்கவேலை மட்டும் சொல்லவில்லை. ஒரு விபத்து, ஒரு துக்கம், இளவரசி எந்த வீட்டையும் ஏமாற்றவில்லை என்றேன்.

“சரி சார். முப்பத்தெட்டும் செல்லும்னு போட்டுடலாம். அந்த மேடமுக்கும் பிரச்சினை வேணாம். ஆனா அந்தப் பொண்ணோட வரி மட்டும் எடுத்துடணும். இறந்தவங்களைப் பயணிக் கணக்குல காட்ட முடியாது சார். புரியுது இல்ல?”

புரிந்தது. நியாயம்தான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் இளவரசியைப் பார்த்தேன். டேப்லெட்டைத் திறந்து என் பக்கம் தள்ளினாள்.

“நீங்களே எடுத்துடுங்க சார். என் கையால வேணாம்.”

சங்கரி, 23, பெண், 7.15. அந்த வரியைத் தொட்டேன். ‘நீக்கவா?’ என்று கேட்டது. அந்தக் கேள்வியையும் நான்தான் மொழிபெயர்த்திருந்தேன். ஆம் என்றேன். கீழே இருந்த வரி மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது.

இளவரசி டீயைக் குடிக்கவில்லை. மகளுக்குப் பள்ளி விடும் நேரம் என்று கிளம்பிவிட்டாள். அவள் வேலை தப்பியது. அடுத்த வாரமே திருப்பருத்திக்குன்றம் பக்கம் வேறு தெருக்கள் கொடுத்தார்கள்.

8

இங்கே முடித்திருக்கலாம். முடித்தும் பார்த்தேன்.

முடிவு அ: மாணிக்கவேலின் சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஜெயம்மாளின் சமையலறை. தூங்குகிறவன் காதில் விடியற்காலைப் பேச்சு விழும். பெயரும் வளையலும் அப்படித்தான் உள்ளே போயிருக்கும். எல்லாம் விளங்கிவிட்டது, வணக்கம். (ஜெயம்மாள் வீடு தெருவின் முதல் வீடு. அவன் இருப்பது பதினாறாவது. சுவரை நான் இழுத்து வைத்தேன்.)

முடிவு ஆ: பல வருடம் கழித்துப் பாதை வருகிறது. முதல் நாள், ஏழே கால் வண்டி, நாலாவது பெட்டி. ஜன்னலோர இருக்கையில் ஒரு கர்சீப்— (வேண்டாம். நீங்கள் ஏற்கனவே எதிர்பார்த்துவிட்டீர்கள். எனக்கும் எழுதும்போது வெட்கமாக இருந்தது.)

முடிவு இ: எழுத்தாளன் குற்ற உணர்வில் அந்த வரியைத் திரும்பச் சேர்க்கிறான்.

இந்த மூன்றாவதைச் செய்ய முயன்றேன். அதுதான் அடுத்த பகுதி. அதற்குப் பிறகு நான் எழுதவில்லை.

9

வெள்ளிக்கிழமை மாலை அந்த வீட்டுக்குப் போனேன். சொல்லாமல் எடுத்தது உறுத்திக்கொண்டிருந்தது. கலாவதியிடம் சொல்ல வேண்டாம், குப்புசாமியிடம் மட்டும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவர் உலகம் தெரிந்தவர்; ‘அது போயி ரெண்டு வருஷமாவுது’ என்று தன் வாயால் சொன்னவர். மணி ஏழு இருக்கும். தெருவில் விளக்கு போட்டிருந்தார்கள். அந்த வீட்டில் தறி ஓடவில்லை.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கலாவதி பார்த்துவிட்டாள். அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் முகத்தில் கோபம் இருந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

“பெரிய ஆபீஸ்ல நீங்க சொல்ல மாட்டீங்களாப்பா? மூணு நாளா அவளுக்கு உக்கார எடமே இல்லியாம்.”

புதன், வியாழன், வெள்ளி என்று எண்ணினேன். அந்த வரி எடுக்கப்பட்டது எனக்கும் இளவரசிக்கும் விக்ரமுக்கும் மட்டும்தான் தெரியும். இளவரசி இந்தப் பக்கம் வரவேயில்லை. அதை அவளிடமே பிறகு கேட்டேன்.

“எல்லாருக்கும் எடம் போட்டு வெப்பா. அவளுக்கு எடம் இல்லன்னா எப்படி?”

நான் குப்புசாமியைத் தேடினேன். அவர் பின்கட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். அடுப்பிலிருந்த வெந்நீரை அதில் ஊற்றினார். பச்சைத் தண்ணீர் கலந்து, கை விட்டுச் சூடு பார்த்தார். ஒரு பிடி கல்லுப்பு போட்டார்.

“அய்யா, நீங்கதானே சொன்னீங்க…” என்று தொடங்கினேன்.

“சொன்னேன் சார்.” அவர் நிமிரவில்லை. “கால் ரெண்டும் வீங்கிக் கெடக்குது சார். நின்னுக்கினே வரா.”

வாசலுக்கு வந்து விக்ரமுக்குப் போன் போட்டேன். அந்த வரியைத் திரும்பச் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். ஏன் என்றார். சும்மாதான் என்றேன். “லாக் ஆயிடுச்சு சார், மேல அனுப்பியாச்சு” என்றார். அவர் பின்னால் சென்னை போக்குவரத்து இரைந்தது.

திரும்பி வந்தபோது குப்புசாமி டப்பை உள்ளறைக்குக் கொண்டுபோய்விட்டிருந்தார். அறைக்குக் கதவு கிடையாது. பழைய சேலையில் தைத்த ஒரு திரைதான். தண்ணீர் மெல்லக் கலங்கும் சத்தம் கேட்டது. முதலில் ஒரு முறை. சற்றுப் பொறுத்து இன்னொரு முறை. சூடு தாங்குமா என்று பார்த்துப் பார்த்துக் காலை வைப்பதுபோல.

குப்புசாமியின் கையாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அப்போது அவர் வெளியே வந்தார். கைகள் காய்ந்திருந்தன.

உள்ளே தண்ணீர் மறுபடி அசைந்தது.

கலாவதி என் பக்கத்தில் வந்து நின்றாள். குப்புசாமி திரையை ஓரமாக விலக்கி ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

“வாங்க சார். எடுத்தது நீங்கதான்னு அவளுக்குத் தெரியாது. நீங்களே சொல்லிடுங்க அவகிட்ட.”

நான் போகவில்லை. இந்தக் கதையை வாசற்படியில் நிறுத்திக்கொள்கிறேன். திரையை அவர் இன்னும் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார்; வயசான மனிதர், கை வலிக்கும். போகிறவர் யாராவது சீக்கிரம் போங்கள்.